முதல் ஆணி

மார்ச் 19, செவ்வாய்

போதகரின் மனைவி போனில் கூப்பிட்டார். சிறு பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுக்கும் டீச்சருக்குத் தேதிக்கு முன்பே பிரசவமாகிவிட்டதாம். "இந்த வாரமும் ஈஸ்டர் அன்னைக்கும் மட்டும் நீ எடுத்துக்கோம்மா. படிச்ச பொண்ணு, உனக்கென்ன?" சரி என்றுவிட்டேன். முடியாது என்று சொல்ல எனக்கு என்றைக்கு வாய் வந்திருக்கிறது?

வேதியியலில் முதுகலை. ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. இயேசு உயிரோடு எழுந்தார் என்பதைச் சொல்லிவிடலாம். ஏன் செத்தார் என்று கேட்டால்?

சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னேன். என் வீட்டுக்காரருடைய அக்கா. வீட்டுக்குக் கீழேயே எங்கள் பிரேம் கடை. இவர் கண்ணாடி அறுத்துச் சட்டம் அடிப்பார், வருகிறவர்களை அண்ணி பேசிச் சமாளிப்பார், நான் மாடியில் வீட்டையும் என் கவலைகளையும் பார்த்துக்கொள்கிறேன். "டீச்சரம்மா ஆயிட்டியா! மிளகு, வாய மூடிக் கைய கட்டு, டீச்சரம்மா வராங்க" என்றார். மிளகு என் மகள். உருவம் சின்னது, காரம் பெரிது என்று அண்ணி வைத்த பெயர். அவள் உடனே கையைக் கட்டிக்கொண்டாள். இவருக்குச் சிரித்துப் புரையேறியது.

மார்ச் 21, வியாழன்

வழி கிடைத்துவிட்டது! ஒரு மரச் சிலுவை. ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த ஒரு தப்பைச் சொல்லி, அதில் ஓர் ஆணி அடிக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் மனதில் நிற்கும். கட்டை, ஆணி, சுத்தி மூன்றும் கடையிலேயே இருக்கிறது. எனக்கே இப்படி ஒரு யோசனை வருமென்று நான் நினைக்கவில்லை.

மார்ச் 23, சனி



மதியம் இவரும் அண்ணியும் சாப்பிட மேலே வந்த நேரத்தில் நான் கடைக்கு இறங்கினேன். நாளைக்குப் பிள்ளைகள் முன்னால் ஆணி வளைந்து மானம் போகக் கூடாதே, ஒருமுறை அடித்துப் பார்ப்போம் என்றுதான். வேலை மேசையில் கட்டையை வைத்து அடித்தேன். அந்த அதிர்வில், மேசை ஓரத்தில் சாய்த்திருந்த படம் மெல்ல நழுவியது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பிடிக்கத் தோன்றவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவருடைய கல்யாணப் படம். கண்ணாடி உடைந்தது. உடைந்த சில்லு படத்தையும் கீறிவிட்டது, மணப்பெண்ணின் கன்னத்திலிருந்து தோள் வரைக்கும். வேறு பிரதி கிடையாது, பத்திரம் என்று அவர் சொல்லிக் கொடுத்த படம்.

நான் என்ன செய்தேன்? படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். சில்லுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றினேன். நிமிர்ந்தால் மேசைக்கு அடியில் மிளகு. வெட்டி எறிந்த சட்டத் துண்டுகளை வைத்து வீடு கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீ எதையும் பாக்கல. சரியா?" என்றேன்.

தலையை ஆட்டினாள்.

ஐயோ, நான் ஏன் அப்படிச் சொன்னேன்? இவர் என்ன, அடிக்கிற ஆளா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்கு வகுப்பு முடியட்டும், சொல்லிவிடுகிறேன்.

மார்ச் 24, ஞாயிறு

வகுப்பு நன்றாக நடந்தது. எழுதும்போதே கூசுகிறது, ஆனால் நன்றாகத்தான் நடந்தது. "நாம பண்ற ஒவ்வொரு தப்பும் அவர் கையில ஒரு ஆணி" என்று சொன்னதும் அறையில் சத்தமே இல்லை. ஒருவன் தம்பியைக் கிள்ளியதைச் சொல்லி அடித்தான். ஒரு பெண் பாலைத் தொட்டியில் ஊற்றியதைச் சொல்லி அழுதேவிட்டாள். வாசலில் நின்று பார்த்த போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளே ஒரு பெருமை. பிள்ளைகள் அழுததில் பெருமை!

மிளகின் முறை வந்தபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அம்மா, நீ முதல்ல அடி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சுத்தியை வாங்கி, "அம்மா சில நேரம் சும்மா சும்மா கோவப்படறேன்" என்று சொல்லி ஒன்று அடித்தேன்.

கோபப்படுகிறேனாம். எவ்வளவு சௌகரியமான பாவத்தைப் பொறுக்கி எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 25, திங்கள்

டீ எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே பஸ் டிரைவர் பெரியவரின் குரல். "பத்திரம் பத்திரம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! அவ மூஞ்சிய பாருங்க!" இவர் படத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு மெதுவாக, "அக்கா, பெருக்கும்போது இடிச்சிட்டியா?"

அண்ணி முகம் சுண்டிப்போனது. "நானா? நான் அந்தப் பக்கம்... இடிச்சிருப்பனோ? தெரியலடா."

பெரியவர் அண்ணி பக்கம் திரும்பிக் கத்த ஆரம்பித்தார். நான் பாதிப் படியில் நின்றேன். டீ ஆடை கட்டும் வரை நின்றேன். பிறகு திரும்பி மேலே ஏறிவிட்டேன்.

பின்னால் மிளகு நின்றிருந்தாள்.

மார்ச் 26, செவ்வாய்

அண்ணி கடைக்கு இறங்கவில்லை. முதுகு வலி என்கிறார். எதிலும் கேலி இல்லை. "டீச்சரம்மா" இல்லை.

சாயங்காலம் அந்தக் கிள்ளிய பையனின் அம்மா போன் செய்தாள். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நீங்க என்ன சொல்லிக் கொடுத்தீங்கன்னு தெரியல. தம்பிகிட்டயே போக மாட்டேங்கறான். தொட்டா இயேசுவுக்கு ரத்தம் வருமாம்."



மார்ச் 27, புதன்

ஹாலில் காலண்டர் தரையில் கிடந்தது. சமையலறைக் கடிகாரத்தையும் யாரோ கழற்றிச் சோபாவில் வைத்திருக்கிறார்கள். சுவரில் வெறும் ஓட்டைகள். கீழிருந்து இவர் சத்தம் போடுகிறார்: "பொடி ஆணி டப்பா எங்க போச்சு? ரெண்டு டப்பாவும் காலி. இந்த வீட்ல ஆணி தின்ற எலி ஏதாவது வந்திருக்கா?"

மற்ற நாளாக இருந்தால் அண்ணி இதை விட்டிருக்க மாட்டார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

காலையில் மிளகுக்குத் தலை வாரினேன். காதுக்குப் பின்னால் சிவப்பாகக் கீறல்கள். ஒன்றில் ரத்தம் உறைந்திருந்தது. "யாரு கிள்ளினா? அந்தப் பையனா?" என்று பாய்ந்தேன். பார், அப்போதும் பழி போட ஆள் தேடுகிறது என் புத்தி. இல்லையென்று தலையாட்டினாள். படுக்கையை உதறலாம், பூச்சி ஏதாவது இருக்கும் என்று தலையணையைத் தூக்கினேன்.

கனத்தது.

உறைக்குள் ஆணிகள். கடை ஆணி, காலண்டர் ஆணி, கடிகார ஆணி, என் மரச் சிலுவையிலிருந்து எப்படியோ பிடுங்கிய வளைந்த ஆணிகள். பிள்ளை அதன்மேல் தலை வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

"ஏண்டி, என்னடி இது? கண்ணுல குத்தியிருந்தா?"

"ஆணி இல்லன்னா அடிக்க முடியாதுல்ல."

"யாரை?"

"இயேசுவ. இன்னைக்குத்தானே அடிப்பாங்க, நீ சொன்னியே." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "நீ ஒண்ணுதான் அடிச்ச. கண்ணாடிக்கு அடிக்கல. அத்தைக்கும் அடிக்கல. இன்னும் ரெண்டு பாக்கி இருக்குல்ல. நீ அடிக்க வேணாம்மா."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தன் தப்புக்காகப் பயந்து ஒளித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் தப்பு. என் தப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அதுவும் யாரிடமும் சொல்லாமல். பார்க்கவில்லை என்று நான்தானே சொல்லச் சொன்னேன்.

கோயிலில் எல்லாரும் முழங்காலில் நின்றபோது நான் ஜெபிக்கவில்லை. அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 30, சனி

சொல்லிவிட்டேன். காலையிலேயே, இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, மிளகும் இருக்கும்போது. அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதால் அவர்கள் என்னைத் தேற்ற வேண்டிவரும்.

இவர் எழுந்து கீழே போய்விட்டார். கண்ணாடி அறுக்கும் சத்தம் மட்டும் வந்தது. தேவையில்லாத கண்ணாடியை எல்லாம் அறுத்திருப்பார்.

அண்ணிதான் பேசினார். கத்தவில்லை. "இத்தனை நாளா என் கையத்தான் நான் சந்தேகப்பட்டேன். வயசாகுது, இடிக்கிறதுகூடத் தெரியல, இனிமே கடைப் பக்கம் போகக் கூடாதுன்னு முடிவே பண்ணிட்டேன். நான் இடிச்ச மாதிரியே ஞாபகம்கூட வந்துடுச்சு, தெரியுமா உனக்கு?"

ஒருவரின் ஞாபகத்துக்குள்ளேயே கையை விட்டு எதையோ வைத்துவிட்டேன்.

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"பாப்போம். முதல்ல அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு. நான் வரமாட்டேன்."

போனேன். பெரியவர் உட்காரச் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார். "படம் போனது போனதுதாம்மா. அந்த அம்மாவ அன்னைக்கு அவ்வளவு பேசிட்டேன். அவங்ககிட்ட நானும் பேசணும்" என்று கதவைச் சாத்தினார். அவ்வளவுதான். மனசு லேசாகிவிட்டது என்று எழுத ஆசை. ஆகவில்லை.

மார்ச் 31, ஈஸ்டர்

போதகரின் மனைவியிடம் நேற்றே சொன்னேன், வேறு யாரையாவது விடுங்கள் என்று. "போன வாரம் அழவச்சது நீ. அப்படியே விட்டுட்டு ஓடிடுவியா?" என்றார். போனேன். இன்று கையில் கட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை.

"போன வாரம் நான் தப்பா சொல்லிட்டேன். இயேசுவ நீங்க யாரும் அடிக்கல" என்றேன். கிள்ளிய பையன் நம்பாமல் பார்த்தான். "நிஜமா?" "நிஜமா. கிள்ளினா தம்பிக்குத்தான் வலிக்கும். தம்பிகிட்ட ஸாரி சொன்னா போதும்."

பிறகு கதை. இயேசுவைப் பிடித்தபோது அவருடைய சிநேகிதர்கள் ஓடிப்போனார்கள். ஒருவர், அவரை எனக்குத் தெரியவே தெரியாது என்று பொய் சொன்னார். அப்புறம் எல்லாரும் ஒரு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெட்கத்திலும் பயத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். செத்துப்போனவர் உயிரோடு எழுந்து அங்கேதான் வந்தார்.

"வந்து அடிச்சாரா?" என்றான் அவன்.

"இல்ல."

"திட்டினாரா?"

"இல்லடா."

"அப்ப எதுக்கு வந்தாரு?"

"பயப்படாதீங்கன்னு சொல்ல. கையக் காட்டினாரு. காயம் அப்படியே இருந்துச்சு. யாரு ஓடினது, யாரு பொய் சொன்னதுன்னு ஒண்ணுமே கேக்கல. அவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாரு. அதுதான் ஈஸ்டர்."

கடைசி வரிசையிலிருந்து மிளகு. "அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்."

யோசித்தாள். பக்கத்துப் பெண்ணின் ரிப்பனை இழுக்கப் போய்விட்டாள். யாரும் அழவில்லை. போதகரின் மனைவி இந்த முறை கண்ணைத் துடைக்கவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

அண்ணி கடைக்கு இறங்கினார். என்னோடு பேச்சு இல்லை. டீ கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 6, சனி

காலண்டர் இன்னும் தரையில்தான் கிடந்தது. இன்று மாட்டிவிடலாம் என்று சுத்தியை எடுத்தேன். மிளகு உள்ளே போய் ஓர் ஆணியோடு வந்தாள். ஒன்றை மட்டும் எங்கேயோ வைத்திருந்திருக்கிறாள்.

"நான் புடிச்சுக்கறேன்" என்று நாற்காலிமேல் ஏறி, ஆணியைச் சுவரில் வைத்து இரண்டு விரலால் பிடித்தாள். கடுகு மாதிரி நகங்கள். சுத்தியை இறக்கினேன்.

"கைய எடுத்துடு கண்ணு. மேல பட்டுடும்."

"படாது. நீ பாத்துதானே அடிப்ப."

பார்த்துத்தான் அடித்தேன். இவ்வளவு பார்த்து வாழ்க்கையில் நான் எதையும் செய்ததில்லை. காலண்டரை மாட்டி ஏப்ரலைத் திருப்பினோம்.

அண்ணி கடைச் சாவியோடு அந்தப் பக்கம் போனவர் நின்றார். தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார்.

"கோணலா இருக்கு, டீச்சரம்மா."

கோணலாகத்தான் இருந்தது. அப்படியே விட்டிருக்கிறேன்.