கைக்குத் தெரியாது

26-7-86, சனி

ஆடிக் காத்து. வாயெல்லாம் மண்ணு. ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு தில்லைநகர் நர்சிங்ஹோம். மாசத்துல ஒரு சனிக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து பிளாஸ்டிக் சர்ஜன் வர்றார். எனக்கு முன்னால ஒரு தீக்காயம், உதடு பிளந்த ஒரு கைக்குழந்தை. இவரும் ஜவுளிக் கடையை ஆள்கிட்ட விட்டுட்டு வந்திருந்தார்.

ஜாக்கெட்டைக் கழட்டிட்டு உட்கார்ந்தது நான். வலது பக்கம் வளராமலே நின்னுபோன மார்பு என்னோடது. டாக்டர் பார்த்தார், அளந்தார். அப்புறம் திரைக்கு அந்தப் பக்கம் போய் இவர்கிட்ட பேச ஆரம்பிச்சுட்டார். நான் ஊக்கு மாட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள பாதிப் பேச்சு முடிஞ்சுபோச்சு.

காதுல விழுந்த வரைக்கும்: சிலிக்கான் பை. வைக்க ரெண்டு இடம். நெஞ்சுத் தசைக்கு மேல, இல்லேன்னா தசைக்குக் கீழ. மேல வச்சா சீக்கிரம் ஆறும், கைக்குத் தொந்தரவு இல்லை. ஆனா என் தோல் மெல்லிசு, தொட்டா ஓரம் தட்டுப்படும், நாளாக ஆக இறுகவும் வாய்ப்பு உண்டு. கீழ வச்சா தசையே மூடிக்கும். அதுக்குத் தசையைப் பிரிக்கணும். வலி ஜாஸ்தி. கையை ஓங்கறப்பல்லாம் பை நகரும். பழைய பலம் முழுசா வரும்னு உறுதி சொல்ல முடியாது.

இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "கீழயே வச்சிடுங்க டாக்டர். கைக்குத் தெரியாதுல்ல."

டா. சிரிச்சார். அடுத்த மாசம் வந்து தேதி வாங்கிக்கச் சொன்னார். துணி கிழிக்கிறவரும் தோல் கிழிக்கிறவரும் கை குலுக்கிக்கிட்டாங்க. நான் பக்கத்துல பையைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன்.

ஒண்ணாம் நம்பர் பஸ். உட்கார இடமில்லை. ஸ்ரீரங்கம் வர்ற வரைக்கும் அதே யோசனை. கைக்குத் தெரியாதாம். யார் கைக்கு?

நல்லெண்ணெய் வாங்க மறந்துட்டேன்.

27-7, ஞாயிறு

காலைல பொன்மலை கிரவுண்டு. பூப்பந்து பிராக்டீஸ். என் ஸ்மாஷ் எல்லாம் வெளியில போச்சு, கோபத்துல அடிச்சா அப்படித்தான்.

எனக்கு ரயில்வேல கிளார்க் வேலை வாங்கிக் கொடுத்தது இந்த வலது கை. பெரிய படிப்பு இல்லை, சிபாரிசு இல்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டா. இதைக் கீழ போட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு.

விக்டோரியாகிட்ட சொன்னேன். டீம்ல என்கூட பின் வரிசைல ஆடறவ, விஷயம் தெரிஞ்ச ஒரே ஆள். பழைய பூப்பந்தைப் பிரிச்சு, அதுல சுத்தியிருக்கிற மஞ்சள் கம்பளி நூலைத் துணிக்குள்ள வச்சு முதமுதல்ல தச்சுக் கொடுத்தவளே அவதான். அதைத்தான் இத்தனை வருஷமா பாடிக்குள்ள வலது பக்கம் வச்சுக்கிட்டு ஆடறேன். வேர்த்தா ஊறும், அரிக்கும், தடிச்சுப் போகும். போன வருஷம் மதுரைல ஓங்கி ஒரு அடி அடிச்சேன், அது நழுவி வயித்துக்கு வந்துருச்சு. "பந்து எறங்கிருச்சு டோய்"னு ஒருத்தன். கூட்டமே சிரிச்சுது. அன்னைக்கு முடிவு பண்ணினேன். என்னை யாரும் தள்ளலை. ஆசைப்பட்டது நான்.

விக்டோரியா எல்லாத்தையும் கேட்டுட்டு, வைக்கிறது உனக்கா அவருக்கான்னா. சரியான கேள்வி.

29-7, செவ்வாய்

மண்ணெண்ணெய் க்யூ. ரெண்டு மணி நேரம் வீண்.

ராத்திரி சாப்பாட்டுல பேச்சை எடுத்தேன். மேல வச்சாப் போதும், எனக்குக் கை வேணும்னேன். இன்னும் எத்தனை நாளைக்கு ஆடப் போறேன்னார். முப்பது ஆகப்போகுதாம். எனக்குத் தெரியாதா என் வயசு? அப்புறம் சாதம் பிசைஞ்சுக்கிட்டே, நாலு பேருக்குத் தெரியாம இருக்கணும்னுதானே இவ்வளவும் பண்றோம்னார்.

எந்த நாலு பேர்? நாலு பேரும் என் ஜாக்கெட்டுக்குள்ள கை விடப் போறாங்களா?

வாய் வரைக்கும் வந்துது. அத்தை கூடத்துல இருந்தாங்க, முழுங்கிட்டேன். ரசச் சொம்பை டொக்குனு வச்சேன். உப்பு பத்தலையான்னு அங்கேர்ந்து அத்தை.

கல்யாணமாகி மூணு வருஷம். இவர் அந்தப் பக்கம் கை வச்சதே கிடையாது. நான் கூசுவேன்னு விட்டு வச்சிருக்கார், எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். விக்டோரியாகிட்ட பெருமையா வேற சொல்லியிருக்கேன். கூசினது நான் இல்லை. இது இப்பத்தான் உறைக்குது. பத்திக்கிட்டு வருது.

3-8, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபத்துல கால் வைக்க இடமில்லை. காதோலை கருகமணி ஆத்துல விட்டாச்சு. அத்தை எனக்குப் புது மஞ்சக் கயிறு கட்டிவிட்டாங்க. கழுத்துல மஞ்சள் நூல், உள்ள மஞ்சள் நூல். உடம்பு பூரா நூல்தான்.

படித்துறைல இவர் பக்கத்துல வந்து, உன் நல்லதுக்குத்தாண்டி சொல்றேன்னார். புளியோதரைத் தூக்கை அவர் கையில கொடுத்துட்டு முன்னால நடந்துட்டேன்.

தேங்காய் சாதம் காந்திப்போயிருந்தது. நான் கிளறினதுதான்.

23-8, சனி

மழை வர்ற மாதிரி இருந்து வரலை. புழுக்கம்.

தில்லைநகருக்குத் தனியாப் போனேன். டா. என் முதுகுக்குப் பின்னால பார்த்தார். சார் வரலையான்னார். பை என் நெஞ்சுக்குள்ள போகுது, அதனால நான் வந்திருக்கேன், தசைக்கு மேல வைங்கன்னேன்.

மேல வச்சா தட்டுப்படும்மா, அன்னைக்கே சொன்னேனேன்னார். என்கிட்ட சொல்லலையே டாக்டர்னேன்.

டா. பேனாவை வச்சுட்டு முதல் தடவையா என் முகத்தைப் பார்த்தார். பந்து அடிக்கிற மாதிரி கையை ஓங்கச் சொன்னார். ஓங்கினேன். ரெண்டு மூணு தரம். இறுகிப்போனா மறுபடி திறக்க வேண்டியிருக்கும், யோசிச்சுக்கங்கன்னார். யோசிச்சாச்சுன்னேன். கையெழுத்து யார் போடறதுன்னு நர்ஸ். எழுதத் தெரிஞ்ச கைதான், நானே போட்டேன். செப்டம்பர் கடைசில மெட்ராஸ்ல ஆபரேஷன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதும் சொல்லிட்டேன். கத்துவார்னு நினைச்சேன், கத்தலை. கட்டில்ல உட்கார்ந்து உள்ளங்கையைப் பார்த்துக்கிட்டே இருந்தார். அப்புறம் மெதுவா, "கைக்குத் தெரியுமே செல்வி."

தெரியட்டும்.