இலுப்பைத் தோப்பில் இட்ட புகை

நலம் பெருகுக. நீர்மலை நாட்டை ஆளும் நீலமாதேவி, கருவேலூர்க் கூற்றத்தின் தலைவர் குவாவன் சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. உமது கூற்றத்து ஏரிகளும் கழனிகளும் குடிகளும் செழித்திருக்க வாழ்த்துகிறோம். உம்மை வாழ்த்த இன்று நம் நா எழவில்லை.

கருவேலூர் ஏரிக்கரை இலுப்பைத் தோப்பில் தொங்கும் வௌவால்களுக்கு அரணாக எந்தையார் ஓர் ஆணை பிறப்பித்தார். பறை கொட்டுதலும் புகையிடுதலும் கிளை வெட்டுதலும் அங்கே குற்றம் என்றும், செய்தவர் யாராயினும் பதவி இழப்பர் என்றும் கல்லில் வெட்டி நாட்டினார். வௌவால் பூவில் தேன் குடித்தால்தான் இலுப்பை காய்க்கும், இலுப்பை காய்த்தால்தான் அதன் எண்ணெயில் ஊரில் விளக்கெரியும் என்று அவருக்கு உணர்த்தியவர் தோப்புக் காவலர் நக்கன். நக்கனுக்குப்பின் அவர் மகள் பூதி காவல் நின்றாள்.

சென்ற பங்குனியில் அங்கே பாளையம் இறங்கித் தங்குவோம் என்று நாம் அறிவித்தோம். எச்சம் நம் பந்தலில் விழும், இரைச்சல் நம் செவியை வருத்தும் என்று அஞ்சிய நீர், ஏழு நாள் முன்பே ஈரவைக்கோலைக் கொளுத்திப் புகையிட்டீர். தாய்கள் பறந்தன; பறக்கத் தெரியாத குட்டிகள் உதிர்ந்தன. அரசியின் வருகைக்காக அரசின் ஆணையை மீறலாகாது என்று பூதி ஆணைக்கல்லின்முன் நின்று உரைத்தாள். அரசியை இழித்தாள் என்று அவளைச் சிறையிட்டீர். குட்டிகளைக் குழியில் தள்ளி, மேலே மணல் பரப்பி, அம்மணலிலேயே நமக்குப் பந்தலிட்டீர்.

நாமோ இரு நாள் அங்கே தங்கி, இடம் தூய்மையாக உள்ளதென்று புகழ்ந்து, உமக்குப் பட்டாடை சாத்தி ஏனாதிப் பட்டமும் சூட்டினோம். அத்தனை பெரிய தோப்பில் ஏன் ஓர் ஒலியும் இல்லையென்று கேட்க நமக்குத் தோன்றவில்லை.

பூதி சிறை நீங்கி, ஆறு நாள் நடந்து நம் அவைக்கு வந்தாள். முறையிடுவாள் என்று எண்ணினோம். தோப்பில் தங்கிய இரு நாளும் தேவியார்க்கு வசதியாக இருந்ததா என்று மட்டும் கேட்டாள். எதற்காகக் கேட்கிறாள் என்று நாம் வினவிய பின்னரே யாவும் உரைத்தாள். காவலை மீண்டும் ஏற்குமாறு வேண்டினோம். வெறுந்தோப்புக்குக் காவல் எதற்கு என்று கூறி, நம் மனையில் ஒரு வாய்ச் சோறும் உண்ணாமல் போய்விட்டாள். இவ்வாண்டு அங்கே இலுப்பை காய்க்கவில்லை.

ஆகவே, உமது பட்டமும் பதவியும் இன்றோடு நீங்கின. குற்றம் நம் பொருட்டு நிகழ்ந்தமையால் தண்டம் நமக்கும் உரியது. தோப்பை அடுத்த அரண்மனை நிலம் முழுதும் வௌவால்களுக்கே விட்டோம். நாமும் நம் வழியினரும் இனி அங்கே கால் வைப்பதில்லை. தோப்பின் காவல் இனி உம்முடையது. விடியுந்தோறும் கிளைகளை அண்ணாந்து நோக்கி, ஒன்றேனும் திரும்பியதா என்று திங்கள்தோறும் நமக்கு எழுதுக. திரும்பவில்லையெனில், திரும்பவில்லை என்பதையும் உம் கையாலேயே எழுதுக.

இதன்கீழ் நம் கைச்சாத்தும் நாக முத்திரையும் இட்டோம். வேறு மறுமொழி எதுவும் விடுக்க வேண்டா.