கல்லைக் காட்டினால் நம்புகிறேன்

4ஆம் தேதி

அன்புள்ள மகாராணிக்கு,

போனில் என் பேச்சே வேண்டாம், எழுதினால் படிப்பேன் என்றாயே, எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆறாம் வகுப்போடு என்னைத் துரத்திய வாத்தியாரைத் திட்டு.

முதலில் மானத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாப்பாவுக்கு அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் அறையில் "படுங்க" என்றார்கள். நானே ஏறிப் படுத்துவிட்டேன். சட்டையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினேன். வயிற்றில் சில்லென்று எதையோ தடவிய பிறகுதான் ஸ்கேன் எடுக்கிற அம்மா சீட்டைப் பார்த்து, "ஏழு வயசுன்னு போட்டிருக்கே?" என்றாள். நம் பாப்பா மூலையில் நின்றுகொண்டு, "பாக்கத்தான் பெருசா இருப்பாரு" என்கிறாள். சத்தியமாக என் மகள்தான்.

அப்புறம் அவளைப் பார்த்தார்கள். இடது சிறுநீரகத்தில் கல்லாம். கொண்டைக்கடலை அளவு. "சின்னப் பிள்ளைக்குமா?" என்றேன். "வரும்" என்றார் டாக்டர். வயிற்றைக் கிழிக்க மாட்டார்களாம். முதுகில் பென்சில் நுழைகிற மாதிரி ஒரு துளை போட்டு, வெளிச்சத்தாலேயே கல்லைப் பொடியாக்கி எடுத்துவிடுவார்களாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லாம் புரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
பஞ்சர் கடைப் பேரரசர்

8ஆம் தேதி

பாப்பாவின் அப்பாவுக்கு,

வெளிச்சத்தால் கல்லை உடைக்கிறார்களா? போன மாதம் நம் தெருவில் ஒரு விமானம் பஞ்சராகி நின்றது என்று போனில் சொன்னீர்கள். அதையும் நம்பி, மில்லில் பக்கத்து மிஷின்காரியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்னும் சிரிக்கிறாள்.

எது நிஜம், எது விளையாட்டு என்று பிரித்துப் பிரித்தே களைத்துப்போய்த்தான் இந்த நூல் மில்லுக்கு வந்தேன். பாப்பாவைப் போனில் கேட்டால் அவளும் சிரிக்கிறாள். கல் என்று சொல்லி என்னை வரவழைக்கப் பார்க்கிறீர்களா? கல்லைக் கண்ணில் காட்டுங்கள், நம்புகிறேன்.

ஒருவேளை நிஜம் என்றால் ஒழுங்காக எழுதுங்கள். சோறு இறங்கவில்லை.

பாப்பாவின் அம்மா

12ஆம் தேதி

கோபக்காரிக்கு,

விமானம் பொய். கல் நிஜம். தலையில் அடித்துச் சத்தியம் செய்யலாம் என்றால், "அதுக்குள்ள என்ன இருக்கு?" என்பாய்.

டாக்டரிடம் மறுபடி போய், "அந்தத் துளைய எப்படி ஒட்டுவீங்க?" என்று கேட்டேன்.

"ஒட்ட வேண்டாம். தானா மூடிக்கும்."

நானும் தினம் தினம் டியூப் ஒட்டுகிறவன். தானாக மூடிக்கொண்ட துளையைக் கண்டதே இல்லை. "ஐயா, பொய் சொல்றது என்னோட வேலை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. நிஜத்தைச் சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வார்களா? எனக்கு அந்த முகம் வரமாட்டேன் என்கிறது. அதனால்தான் நீ நம்பவில்லையோ என்னவோ.

பொய் சொல்லாத நேரத்தில்,
நான்

17ஆம் தேதி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நாளை மறுநாள் காலையில் ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாப்பா விளையாடிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

20ஆம் தேதி

ஏங்க,

நேற்று உங்கள் கடிதம் கிடைத்தது. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு கிண்டல்கூட இல்லை. அதுதான் பயமுறுத்தியது. கேலி செய்ய மறந்துபோகிற அளவுக்கு என்ன வந்தது என்று மில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று பாப்பா போனில், "கல்லு போச்சும்மா, தையலே இல்ல, பிளாஸ்திரிதான்" என்கிறாள். அது அவள் சொல்லா, நீங்கள் சொல்லிக்கொடுத்ததா, ஒன்றும் விளங்கவில்லை. என் அப்பாவை அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. அவர் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து என்னை அழைத்துப்போவார். மில்லில் சனிக்கிழமைதான் விடுவார்கள்.

வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. பூட்டை மாற்றியிருந்தால் சொல்லுங்கள். கல்லை எடுத்து வையுங்கள்.

நான்

21ஆம் தேதி

அன்புள்ள உனக்கு,

பூட்டு அதேதான்.

பாப்பா எழுந்து நடக்கிறாள். முதல் நாள் சிறுநீர் ரோஜா நிறத்தில் போனது, எனக்கு உயிரே இல்லை. இன்று தெளிந்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடிக்கணுமாம். "நீங்களும் குடிங்க, ஒங்களுக்கும்தான் ஸ்கேன் எடுத்தாங்க" என்று என்னையும் மிரட்டுகிறாள். முதுகில் எவ்வளவு தேடினாலும் ஒரு பிளாஸ்திரிதான். துளை தானாக மூடிக்கொள்ளும் என்றால் நான் எதற்குக் கடை வைத்திருக்கிறேன் என்று குழப்பமாக இருக்கிறது.

இனி கல்லைப் பற்றி. இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவரிடம் மட்டும் எதுவும் கேட்டுவிடாதே. பொடியில் பாதியைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டு, மீதியை ஒரு குட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். பழுப்பு நிறம். உனக்குக் காட்டுவதற்காகக் கட்டில் பக்கத்து மேசையில் பத்திரமாக வைத்திருந்தேன். காலையில் உன் அப்பா வந்தார். தன் மூக்குப்பொடி டப்பாவையும் அங்கேயே வைத்தார். பேத்தியோடு பேசிய சந்தோஷத்தில் கைக்கு வந்த டப்பாவைத் திறந்து இரண்டு சிட்டிகை போட்டார். தும்மல் வரவில்லை. சரக்கு பழசாகிவிட்டது என்று சொல்லி, மீதியை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டார்.

நிஜமாகவே,
பாப்பாவின் அப்பா