பதினொரு வீடும் ஒரு பாலமும்

என் குஞ்சு,

சிட்னியில் நான்கு நாள் நின்றுவிட்டு நேற்றுத்தான் மெல்பேர்ணுக்கு, நோபல் பார்க் வீட்டுக்குத் திரும்பினேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. நகரத்துக்குள் ஒரு சின்ன அறை எடுத்துத் தங்கினேன். வந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் சொல்கிறேன், அதுவும் கோபத்தோடு.

நீ உயிரோடு இருக்கையில் நான் கடைசியாக வந்து நின்ற நான்கு நாள் ஞாபகமா? விமான நிலையத்திலேயே ஃபோனை எடுத்துவிட்டாய். "ஓம், அக்கா வந்திட்டா. வாறம், வாறம்." பதினொரு வீடு! எல்லா வீட்டிலும் தட்டு நிறையப் பொரித்த பற்றீஸ், எல்லா வீட்டிலும் சாமத்தியவீட்டு வீடியோ. பெரியபிள்ளையானதென்று, நான் கண்டறியாத பெட்டைகளின் தலையில் பாலறுகு வைப்பதை மணிக்கணக்காகப் பார்த்தேன். ஒரு வீட்டை விட்டாலும் குறை நினைப்பார்களாம்.

சிட்னித் துறைமுகப் பாலத்தை மட்டும் காரில் மூன்று தரம் கடந்தோம். என் மடியில் சுடச்சுட றோல்ஸ் தட்டு. "அக்கா, அந்தா ஒப்பரா ஹவுஸ்! பார், பார்!" நான் தலையைத் திருப்புவதற்குள் பாலத்துக் கம்பிகள் மறைத்துவிட்டன.

"எங்கையாவது கொஞ்சம் நிப்பாட்டனடி."

"றோல்ஸ் ஆறிப்போம் அக்கா. அடுத்தமுறை ஆறுதலாப் பாப்பம்."

அடுத்தமுறை! மூன்று மாதத்தில் நீ போய்விட்டாய். உன் செத்தவீட்டில் உன் மனுசன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "மச்சாள், நீங்கள் வாறதுக்கு முதல் கிழமையே டொக்டர் கையை விரிச்சிட்டார். அக்காவுக்கு மூச்சும் விடக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவ." அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

அதுதான் இந்தமுறை தனியே வந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், இங்கிலிஷும் அரைகுறை. வந்தேனே! ஒப்பரா ஹவுஸ் படியில் ஒரு காலை முழுக்க இருந்தேன். கிட்டப்போனால் அந்தக் கூரை ஒரே வெள்ளையில்லை, தெரியுமா? சின்னச் சின்ன ஓடு, சிலது பளபளப்பு, சிலது மங்கல். டிக்கெட் கொடுக்கிற பெட்டையிடம் விரலால் காட்டினேன், மத்தியானக் கச்சேரிக்கு ஒன்று தந்தாள். மேடை நிறைய வயலின். நடுவில் எல்லோரும் நிறுத்த, ஒருத்தி மட்டும் வாசித்தாள். என் பக்கத்துக் கதிரை காலி. அதில் என் கைப்பை இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லையடி!

மூன்றாம் நாள் படகுத்துறையில் உன் அடுத்த தெருப் பூமணி அன்ரி என்னைப் பிடித்துவிட்டா.

"என்ன பிள்ளை, சிட்னிக்கு வந்திட்டு எங்கட வீட்டை வரேல்லையே? ஆரோட கோவம்?"

"என்ர தங்கச்சியோட."

"செத்த பிள்ளையோடயோ? விசர்க்கதை கதையாதை. வா, பற்றீஸ் பொரிச்சு வச்சிருக்கிறன்."

"அதை நீங்களே தின்னுங்கோ அன்ரி. என்ர படகு வெளிக்கிடப் போகுது, போட்டு வாறன்."

அவ வாயைப் பிளந்தபடி நின்றா. நீ இருந்திருந்தால் என் கையைக் கிள்ளியிருப்பாய்.

படகின் பின்பக்கம் போய் இருந்தேன். மடியில் தட்டில்லை, முன்னால் வீடியோ இல்லை, கடல் மட்டும்தான். பக்கத்தில் நீ இருந்திருந்தால் நாங்கள் கதைத்துத்தான் ஆகவேண்டும், வேறு வழியில்லை. அங்கேதான் எனக்கு உறைத்தது. அதற்குப் பிறகு உன்னோடு இன்னும் கோபம் வந்தது. என்னோடும்தான். அன்றைக்குக் காரில் நான் இன்னொரு தரம் கேட்டிருக்கலாமே.

இனி ஒவ்வொரு வருடமும் வருவேன். யார் குறை நினைத்தாலும் ஒரு வீட்டுப் படியும் மிதிக்கமாட்டேன். உன்னோடு கோபம் ஆறும்வரை வருவேன், ஆறினாலும் வருவேன்.

ஒன்றை மட்டும் சொல்லு. என்னோடு தனியே இருந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவாய் என்று பயந்துதானா, நோவையும் வைத்துக்கொண்டு பதினொரு வீட்டுக்கு என்னை இழுத்துத் திரிந்தாய்?

உன்னோடு கோபமாக இருக்கும்,
உன்னுடைய ஒரே அக்கா