இரண்டு முறை கை தட்டுதல்

ஜூன் 10, செவ்வாய். திருப்பதி

இன்று நான் சொல்லாதது: "மாட்டேன்."

ஜப்பானிய வகுப்பில் ஒத்திகை இன்டர்வியூ. எங்களை எடுக்கப் போவது ஜப்பானில் ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லம். சார் கேட்டார்: வேலையில் சேரும் நாளில் எல்லோரும் ஊர்க்கோயிலுக்குப் போவார்கள், இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி குனிய வேண்டும், செய்வாயா? ஆமாம் என்றேன். உச்சரிப்புக்குப் பாராட்டு வேறு.

வெயில். ரூமில் தண்ணீர் இல்லை.

ஜூன் 11, புதன்

அந்தக் கோயிலில் இருப்பது யார் என்று தேடிப் படித்தேன். முதலில் மனுஷன். போர்த்தலைவன். அண்ணனைக் கொன்று நாட்டைப் பிடித்தவன், மூன்று ஊரை எரித்தவன். பிறகு ஆற்றுக்குக் கரை கட்டினான், வெள்ளம் நின்றது. செத்த பின் சாமி ஆக்கிவிட்டார்கள். பயத்திலா, நன்றியிலா? இரண்டும்தான் போல. எனக்கு அவனைப் பிடித்துப்போனதுதான் தொல்லை.

ஹேமா (ரூம்மேட், நகரிக்காரி, அவளும் நர்ஸ், அதே இன்டர்வியூ): "மலைக்கோயில் லட்டு குடுத்தா மட்டும் துன்னுற. கை தட்ட மாட்டியா? நல்ல கிறிஸ்டியன்டி நீ."

லட்டு நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

சித்தூருக்குப் போன். நைனா, என் அப்பா, எங்கள் சர்ச்சில் சபை மூப்பர். "கூடாது" என்பார் என்று காத்திருந்தேன்.

"நீயே பாத்துக்கோ. நானா அங்க வந்து நிக்கப் போறேன்? சாப்ட்டியா?"

அந்தக் கோயிலில் கை தட்டுவது சாமியைக் கூப்பிடுவதாம். கூப்பிட்டுவிட்டு, உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை, ஊரோடு ஒத்துப்போகத் தட்டினேன் என்பதா? அவனுக்கும் பொய், கர்த்தருக்கும் பொய். லட்டு தின்றபோது நான் யாரையும் கூப்பிடவில்லை.

முடிவு செய்தாயிற்று.

நாளைக்கு: நகம் வெட்ட. கறுப்பு சாக்ஸ். ஒரே பதில், மனப்பாடம்.

ஜூன் 13, வெள்ளி

மேகம். இன்டர்வியூ, திரையில் மூன்று பேர். நோயாளியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது பற்றிக் கேள்விகள். கோயில் கடைசியில்.

"உங்களோடு வருவேன். அவர் கட்டிய கரையைப் பார்க்க ஆசை. ஆனால் கை தட்டிக் கூப்பிட மாட்டேன்."

நடுவில் இருந்த அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே சார்: "ஏம்மா, ரெண்டே ரெண்டு தட்டு. கொசு வந்தா தட்டறதில்லையா? போச்சு, போ."

சிரித்தேன்.

ஜூன் 23, திங்கள்

மெயில் வந்தது. ஹேமாவுக்கும் எனக்கும் வேலை. என் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதல்: சேரும் நாளில் மற்றவர்கள் கோயிலுக்குப் போய்வரும்வரை, படுக்கையில் இருப்பவர்களுக்குச் சோறூட்ட ஓர் ஆள் இல்லத்தில் இருக்க வேண்டும், அன்று அது நீங்கள்.