இந்த வருஷம் அணி எப்படி

ரியோ செகோ, கியூபா
4 செப்டம்பர் 1988

அன்புள்ள எலிஹியோ,

உன் கடிதம் வந்தது. நீ சுகம் என்று அறிந்து எனக்கும் வீட்டில் மிக்தாலியாவுக்கும் நிம்மதி. அமெரிக்காவுக்குப் போய் எட்டு வருஷமாகியும் அந்தக் கீ வெஸ்ட்டில் உனக்கு ஒழுங்காகச் சமைத்துப் போட இன்னும் ஒருத்தி கிடைக்கவில்லையா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

இந்த வருஷம் நம் ஊர் பேஸ்பால் அணி எப்படி என்று கேட்டிருக்கிறாய். நான் பயிற்சியாளன் ஆனதிலிருந்து இப்படி ஓர் அணி வாய்த்ததில்லை. பந்தெறிய ஓர் இடதுகைக்காரன் வந்திருக்கிறான். வேகம் இருக்கிறது; பந்து எங்கே போகும் என்பதுதான் அவனுக்கே தெரியாது. கேட்சர் உட்காரும்போதெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறான், அந்தக் காலத்தில் நான் எறிய நீ பிடித்தபோது முனகியதைப் போலவே. முதல் பேஸில் நிற்கிற தடியன் மாம்பழக் காலம் முழுக்கத் தின்று இன்னும் தடித்துவிட்டான். ஆனால் அவன் அடித்தால் பந்து கரும்புத் தோட்டத்தில்தான் போய் விழும்.

உனக்கு வேண்டியது இதெல்லாம் இல்லை என்று தெரியும். ரெய்னேரியோ இந்த வருஷமும் ஷார்ட்ஸ்டாப்தான். இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதற்கும் நடுவே தரையோடு வருகிற பந்து எதுவும் உன் மகனைத் தாண்டுவதில்லை. அணியையே அவனை நம்பித்தான் கட்டியிருக்கிறேன். முதல் நான்கு இடத்துக்குள் வருவோம் என்று சொன்னால் ஊரில் இப்போது யாரும் சிரிப்பதில்லை.

உன்
அனிசேத்தோ


கீ வெஸ்ட்
1 அக்டோபர் 1988

அன்பு அனிசேத்தோவுக்கு,

உன் கடிதத்தை ஹோட்டல் சமையலறையில் கை ஈரத்தோடு நின்றபடியே படித்தேன். ஓரமெல்லாம் மை கலைந்துவிட்டது. மிக்தாலியாவிடம் சொல், அவளைப் போல் கறுப்பு பீன்ஸ் வேகவைக்கத் தெரிந்தவள் இந்தத் தீவில் இல்லை, அதனால்தான் தனியாக இருக்கிறேன் என்று.

ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் பேஸ்காரன் தின்ற மாம்பழம் எனக்கு எதற்கு? என் பையனைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதக் கூடாதா? இளைத்திருக்கிறானா? மீசை வைத்திருக்கிறானா? ஆட்டம் இல்லாத நாளில் யாரோடு திரிகிறான்? நான் விட்டுவந்தபோது அவனுக்குப் பதினாலு வயசு. அந்த முகத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வயசு ஆளை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் அவனுக்கு எழுதுகிற கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன. நீ எழுதாவிட்டால் எனக்குப் பிள்ளையே இல்லை. ஒரே ஒரு தடவை அவனிடம் பேசிப் பார். அப்பா கேட்டார் என்று சொல். ஒரு வரி எழுதினால் போதும். திட்டி எழுதினாலும் சரி.

உன்
எலிஹியோ


ரியோ செகோ
6 நவம்பர் 1988

அன்புள்ள எலிஹியோ,

கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. மைதானத்தில் பாதி நாள் தண்ணீர் நிற்கிறது. மண்வெட்டியோடு நாங்களே வாய்க்கால் வெட்டினோம். இடதுகைக்காரன் தேறிவிட்டான். பத்துக்கு ஏழு பந்து நினைத்த இடத்தில் விழுகிறது. கேட்சருக்கு மிக்தாலியா ஏதோ தைலம் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள், நாற்றம் தாங்கவில்லை.

ரெய்னேரியோ நன்றாக இருக்கிறான். மீசை இருக்கிறது. இளைக்கவில்லை. நீ சொன்னதை அவனிடம் சொன்னேன். யோசிக்கிறான் போலிருக்கிறது. அவசரப்படுத்தாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அனிசேத்தோ


கீ வெஸ்ட்
1 டிசம்பர் 1988

அனிசேத்தோ,

முதல் ஆட்டம் எப்போது என்று நீ எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இங்கே நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தேதி தெரியும். ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக் காபிக் கடையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்தோம். இன்றைக்கு என் மகன் ஆடுகிறான் என்று எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன். பெயர்களை வாசித்தார்கள். ஷார்ட்ஸ்டாப், ஃபுவெந்தெஸ்.

"உன் பையன் எங்கப்பா, காபி குடிக்கப் போயிட்டானா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நடுவில் அவனை இறக்குவாய் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். ஃபுவெந்தெஸ் இரண்டு பந்தைக் கோட்டைவிட்டான், தோற்றுப்போனீர்கள். என் மகன் பெயர் ஒரு முறைகூட வரவில்லை.

அடிபட்டிருக்கிறானா? பிடித்துப் போட்டுவிட்டார்களா? இல்லை, இங்கே வர மிதவை கட்டிக்கொண்டு கடலில் இறங்கிவிட்டானா? நாலு நாளாக வேலைக்குப் போகவில்லை. கரைக்கு வருகிற மீன்பிடிப் படகுக்காரர்களை எல்லாம் நிறுத்தி, வழியில் யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். எதுவாக இருந்தாலும் எழுது. ஆனால் உண்மையை எழுது.

எலிஹியோ


ரியோ செகோ
19 டிசம்பர் 1988

எலிஹியோ,

முதலில் இதைப் படி: அவன் உயிரோடு, முழுசாக, இங்கேதான் இருக்கிறான். கரும்பாலைக்கு டிராக்டர் ஓட்டுகிறான்.

நீ கேட்டுக்கொண்டபடி அக்டோபரில் ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் அவனை நிறுத்திப் பேசினேன். "உங்கப்பா உன்னைப் பத்தி விசாரிச்சு எழுதியிருக்கான்டா. ஒரு வரி போடேன்" என்றேன்.

"நீங்க அவருக்கு எழுதுறீங்களா மாமா?"

"எழுதுறேன்."

"என்னைப் பத்தியா?"

"வேற எதைப் பத்தி எழுத? நீ எப்படி ஆடுறன்னு."

கையுறையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "அம்மா படுத்துக் கெடந்தப்ப ஒரு வரி போடல. அவ செத்தப்பவும் போடல. இப்ப நான் எப்படி ஆடுறேன்னு மட்டும் தெரியணுமா? நிறுத்திடுங்க மாமா. இல்லேன்னா நான் ஆடுறத நிறுத்திக்கிறேன்."

"என்னை மிரட்டுறியா?"

"மிரட்டல. அவருக்கு வேடிக்கை காட்ட நான் ஆடல, அவ்வளவுதான்."

தொப்பியைக் கழற்றி பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டான். ஒரு வாரத்தில் திரும்பி வருவான் என்று நினைத்தேன். இரண்டு முறை வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தான், கரும்பைப் பற்றிப் பேசினான், ஆட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நிறுத்திவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்திருப்பான். நான் எழுதாவிட்டால் உனக்குப் பிள்ளையே இல்லை என்று எழுதியிருந்தாயே, அதனால் என்னால் சொல்ல முடியவில்லை. உனக்கும் உண்மையை எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு.

அணி கடைசி இடத்தில் இருக்கிறது. ஜனவரிக் கடைசிவரை அவன் பெயரைச் சேர்க்கலாம். அதற்காகச் சொல்லவில்லை. அவன் டிராக்டரில் போகும்போது மைதானத்துப் பக்கம் திரும்புவதே இல்லை. அதைத்தான் பார்க்க முடியவில்லை.

உன்
அனிசேத்தோ


கீ வெஸ்ட்
8 ஜனவரி 1989

என் அன்பு அனிசேத்தோவுக்கு,

உன்னைத் திட்டுவதற்காக இரண்டு தடவை உட்கார்ந்தேன். திட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அவன் சொன்னதிலும் தப்பு இல்லை. ஒடிலியா படுத்திருந்தபோது அவளுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்தபோது அவள் இல்லை. அதை அவனிடம் விளக்குகிற வயசு எனக்குத் தாண்டிவிட்டது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போடாதே. அடுத்ததாக நானும் ஒன்று எழுதப்போவதில்லை. மிக்தாலியா கேட்டால் நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல். அவளுக்காவது வருத்தம் வேண்டாம்.

இதைப் படித்ததும் அவன் வீட்டுக்குப் போ. எனக்கு எழுதுவதை நீ நிறுத்திவிட்டாய் என்று சொல். அது உண்மைதான், உன் முகத்தைப் பார்த்தால் நம்புவான். ஆனால் நிறுத்தச் சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதே. தெரிந்தால் அதற்காகவும் ஆட மாட்டேன் என்பான். பிடிவாதத்தில் அவன் என்னைப் போல.

எலிஹியோ