இரண்டு இலைச் சோறு

அம்மா,

இன்று காலையிலும் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டேன். நறுக்கி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டி. ஆவியோடு எழும் அந்த மண் வாசனை முகத்தில் அடித்தபோதுதான், இந்த வீட்டில் இனி யாருக்கும் இது தேவையில்லை என்பது நினைவுக்கு வந்தது. அப்பா அதையே சாப்பிட்டார். ஊறுகாயை மட்டும் இரண்டு முறை கேட்டார்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கை இன்னும் உனக்காகத்தான் சமைக்கிறது.

உன் கிட்னி இரண்டும் வேலை செய்யவில்லை என்று சொன்னபோது நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தருமபுரி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு உன்னை அழைத்துப்போக ஓர் ஆள் வேண்டும். பஞ்சர் கடையில் அப்பாவுக்கு லீவு கிடையாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். என்னால் உன் படிப்பு போச்சே என்று நீ பலமுறை அழுதிருக்கிறாய். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லும் தொல்லை தீர்ந்தது என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அவ்வளவு அழுதிருக்க மாட்டாய்.

அங்கே இருந்த நர்ஸக்கா ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததை நாம் சமையலறைக் கதவில் ஒட்டி வைத்தோம். உப்பு கூடாது. தக்காளி, உருளை, வாழைப்பழம், மாம்பழம், இளநீர் கூடாது. உருளை மேல் ரொம்ப ஆசை வந்தால், தண்ணீரை இரண்டு முறை கொட்டிவிட்டு இரண்டு துண்டு சாப்பிடலாம். ஒரு நாளைக்குக் குடிக்க அரை லிட்டர் பாட்டில் தண்ணீர். வீட்டில் இருக்கும்வரை இதெல்லாம் நமக்குப் பழகிவிட்டது. ஊருக்குப் போனால்தான் கஷ்டம்.

ஊர் என்றால் உனக்கு உன் அண்ணன் ஊர்தான். மாதத்துக்கு ஒரு தடவையாவது மாமா முகத்தைப் பார்க்காவிட்டால் உனக்கு எதுவும் ஓடாது. அதியமான்கோட்டையிலிருந்து தருமபுரி, அங்கிருந்து மொரப்பூர் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ. முதல் தடவை உனக்கான சோற்றை டப்பாவில் கட்டி எடுத்துக்கொண்டு போனோம், ஞாபகம் இருக்கிறதா? அத்தை அந்த டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திறந்து பார்த்தார். "ஏம்மா, எங்க வூட்டுச் சோறு உங்கம்மாவுக்கு எறங்காதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உப்பில்லாத சோறும் சுரைக்காயும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அத்தை வைத்ததில் பாதிக்கு மேல் சாப்பிட்டாய். மறுநாள் உன் கால் வீங்கி மூச்சு வாங்கியது. நர்ஸக்கா உன்னைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். கூட இருக்கிற பொண்ணு எதுக்கு இருக்குது என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் நீதான் அந்த யோசனையைச் சொன்னாய். "வேணாம்னு சொல்ற வாயி நம்ம ரெண்டு பேருக்கும் இல்ல பாப்பா. சாப்புடற வாயாச்சும் உனக்கு இருக்குதே" என்றாய்.

அதன்பின் மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சுதான் உன் சாப்பாட்டு இடம். போகிற வருகிற ரயிலைப் பார்த்துக்கொண்டே உப்பில்லாத சோற்றை விழுங்குவாய். டப்பாவைக் கழுவிப் பையின் அடியில் வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு வந்தவர்கள் மாதிரி மாமா வீட்டுக்குப் போவோம். பந்தியில் நான் உன் இடது பக்கம் உட்காருவேன். பரிமாறுகிறவர் நகர்ந்ததும், நீ கை வைக்கும் முன்பே, உன் இலையில் இருப்பது என் இலைக்கு வந்துவிடும். உருளைக்கிழங்கு, சாம்பார் சோறு, அப்பளம், வாழைப்பழம், எல்லாம். உன் இலையில் பார்வைக்குக் கொஞ்சம் வெறும் சோறு இருக்கும், அதைக் கையால் அளைந்துகொண்டே இருப்பாய். அத்தை மறுபடி வந்து, "ஒரு நாளைக்கு என்னா ஆயிடும், சாப்புடு" என்று இன்னும் ஒரு கரண்டி வைப்பார். அதையும் நான்தான் சாப்பிடுவேன். பழம்கூடவா ஆகாது, டாக்டருங்களே பழந்தான் சாப்புடச் சொல்றாங்க என்று அவர் கேட்கும்போது நீ சிரிப்பாய், அவ்வளவுதான்.

நாலைந்து விசேஷத்தில் என் சுடிதாரின் பக்கத் தையலை நீ இரண்டு முறை பிரித்துவிட்டாய். பிரிக்கும்போது நமக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ நோயாளியாக இருந்த காலத்தில் நாம் அதிகம் சிரித்தது அந்தத் தையலைப் பார்த்துத்தான்.

போன வைகாசியில் மாமா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். ஞாயிற்றுக்கிழமை. பந்தல், மேசை, நாற்காலி, சொந்தக்காரர்கள் எல்லோரும். காலை டிபனில் உன் இட்லி, வடை, கேசரி எல்லாம் என் இலைக்கு வந்தன. எதிரில் மாமாவின் மகள்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் என் இலையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இவளக் கட்டிக்கப் போறவன் ரேஷன் கடையிலதாண்டி வேலை பாக்கணும்."

மேசை முழுக்கச் சிரித்தது. அவள் கெட்டவள் இல்லை. நானும் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன், வேறு யாரையாவது சொல்லியிருந்தால். நீ என் முழங்காலை மேசைக்கு அடியில் பிடித்து அழுத்தினாய். நான் உன் கையைத் தள்ளிவிட்டேன்.

மதியப் பந்தியில் நீ எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாய். முந்தானையை நாற்காலியில் விரித்து, வா என்று கண்ணால் கூப்பிட்டாய். நான் பார்க்காத மாதிரி போய், மாமா மகள்களோடு கடைசி மேசையில் உட்கார்ந்தேன். கொஞ்சமாகச் சாப்பிட்டேன். ஒரு அப்பளத்தைக்கூட மிச்சம் வைத்தேன், அவர்கள் பார்க்கட்டும் என்று.

மாமாவே உனக்குப் பரிமாறினார். தூரத்திலிருந்து பார்த்தேன். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், தக்காளித் தொக்கு. கடைசியாகத் தன் தோப்பு மாம்பழத்தை உன் பக்கத்தில் நின்றுகொண்டே அரிந்து வைத்தார். நீ தலையைத் தூக்கி மேசை மேசையாக என்னைத் தேடினாய். கண்டுபிடித்தாய். நான் குனிந்துகொண்டேன்.

மறுபடி நிமிர்ந்தபோது நீ இலையை உன் பக்கமாக மடித்திருந்தாய். மாமா உன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில் உன்னிடம் எல்லாத்தையும் சாப்பிட்டியா என்று கேட்டேன். திட்டுவாய் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீ ஜன்னல் பக்கம் திரும்பி, "அண்ணன் மாம்பழம் பாப்பா. ருசி மாறவேயில்ல" என்றாய். அது எனக்காகச் சொன்னதா, உண்மையிலேயே சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சில நாள் காலையில் பாத்திரம் தேய்க்கும்போது அந்தக் குரல் பின்னால் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை.

திங்கட்கிழமை கால் பஞ்சு மாதிரி இருக்குது என்றாய். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். விடிந்தால் செவ்வாய்க்கிழமை, எப்படியும் போகத்தானே போகிறோம் என்றாய். செவ்வாய்க்கிழமை காலை கிளம்பும்போது, புடவை மடிப்பைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாய். அப்படியே சாய்ந்துவிட்டாய். ஆட்டோவில் உன் தலை என் மடியில் இருந்தது. அங்கே போனதும் பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்றார்கள்.

நர்ஸக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சாப்பிட்டாங்க என்று கேட்டார்.

"எப்பவும் சாப்புடறதுதாங்க்கா" என்றேன்.

அவர் என் தலையைத் தடவினார். இந்த நோயில் இதயம் எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும், நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே என்றார். ஒரு வேளைச் சாப்பாட்டால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் கேட்பதற்கு எனக்குத்தான் வாய் வரவில்லை.

பெரியவள் காரியத்துக்கு வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அதை யார்மேலாவது இறக்கி வைத்திருக்கலாம்.

இப்போதும் விசேஷங்களுக்குப் போகிறேன். யாருக்காவது சர்க்கரை, பிரஷர் என்று தெரிந்தால் அவர்கள் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவர்கள் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரியம்மா சங்கடப்பட்டு, என்னா கண்ணு, உனக்குப் போதலையா என்று தன் ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். சாப்பிட்டுவிட்டு வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

மாமா போன வாரம் வந்திருந்தார். நீ போனதிலிருந்து யாரைப் பார்த்தாலும் அவர் சொல்கிற ஒரே பேச்சு, என் தங்கச்சி கடைசியா என் வூட்டுலதான் வயிறாரச் சாப்பிட்டாள் என்பதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் நடமாடுகிறார். அப்பா டீ வாங்கப் போயிருந்தார். நானும் மாமாவும் மட்டும். அவர் முதல் தடவையாக என்னிடமே கேட்டார்.

"பாப்பா, அன்னிக்கு உங்கம்மா திருப்தியாத்தானே சாப்புட்டா? நீ பாத்தயில்ல?"

"பாத்தேன் மாமா. எலையில ஒண்ணுமே மிச்சமில்ல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுதபின் தெளிந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராத எனக்கு, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லும்போது குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, அம்மா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.